எத்தனை மான் என்று கேட்கக் கூடாது

1

எங்கள் வீட்டுக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் வந்து போய் இந்த மாதத்தோடு ஒரு வருடமாகிறது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் என் செல்வாக்கைப் பற்றி அவசரப்பட்டு எதுவும் நினைத்துவிட வேண்டாம். நான் பீலெஃபெல்டில் சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கதவுகளுக்குப் பிணைச்சல் பூட்டுகிறவன். வந்தவரும் முன்னுக்கும் பின்னுக்கும் வாகனம் ஓட வருகிற ஆள் அல்ல. முதுகில் ஒரு பையோடு ரயிலில் வந்து இறங்கினார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தார். அதிலேயே என் மனைவி சந்திராவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் பெயர் மாரித். நோர்வேயின் வட அந்தத்தில், குளிர்காலத்தில் சூரியன் எட்டியும் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறவர். சாமி என்கிற சிறிய இனம். அவர்களில் பலர் பனிமான் மேய்ப்பவர்கள். நத்தார் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அந்த மான். இந்த மக்களுக்கென்று தனியாக ஒரு பாராளுமன்றம் இருக்கிறது. மாரித் அதில் தன்னுடைய பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்களுக்காகப் பேசுகிறவர்.

அந்தப் பாராளுமன்றத்துக்கு என்ன அதிகாரம் என்று என் மகள் தர்சிகாவிடம் கேட்டேன். அரசாங்கம் அவர்களுடைய நிலத்தில் ஏதாவது செய்வதென்றால் முதலில் இவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றாள். கேட்ட பிறகு? கேட்ட பிறகு பெரும்பாலும் தான் நினைத்ததைச் செய்யும் என்றாள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்தச் சாமானை ஊரில் நாங்களும் பார்த்திருக்கிறோம்.

தர்சிகா எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, ஆய்வுக்கென்று ஒரு குளிர்காலம் முழுக்க மாரித் வீட்டில் தங்கியிருந்தவள். திரும்பி வந்ததும் நகரசபையில் வேலை கிடைத்தது. அதுவும் உன்பெஃப்ரிஸ்டெட், முடிவுத் திகதி இல்லாத நிரந்தர வேலை. முடிவுத் திகதி போட்ட கடதாசிகளோடே இளமையைக் கழித்த எனக்கு, ஜெர்மன் மொழியில் இதைவிட இனிமையான சொல் கிடையாது. அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று நாங்கள் பாயாசம் வைத்தோம்.

2

மாரித் வந்த காரணம் காற்றாலை. எங்களுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் மின்சார நிறுவனம், மாரித்தின் ஆட்கள் மான் மேய்க்கிற மலையில் கட்டப் போகிற காற்றாலைகளுக்குப் பணம் போட யோசித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்ச் சபையில் வந்து பேச மாரித்துக்கு நாளும் நேரமும் குறித்து ஒரு தெர்மின் கொடுத்திருந்தார்கள். ஹோட்டல் எதற்கு, எங்கள் வீட்டில் நில்லுங்கோ என்று தர்சிகா கூப்பிட்டுவிட்டாள்.

எனக்கு அன்று முதல் குழப்பம் தொடங்கியது. காற்றாலை நல்லது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படம் கீறிக்கொண்டு வந்ததே காற்றாலையும் சிரிக்கிற சூரியனும்தான். எங்கள் வீட்டு மின்சாரமும் அந்த நிறுவனத்துடையதுதான். பச்சை மின்சாரம் என்று தர்சிகாவே மாற்றிவிட்டிருந்தாள். இதைக் கேட்ட சந்திரா, மாரித் நிற்கிற நாட்களில் ரைஸ் குக்கரைப் போடலாமா கூடாதா என்று கவலைப்பட்டாள். நான் சிரித்தேன்.

இன்னொரு பிழையும் விட்டேன். பாராளுமன்ற உறுப்பினர் வாறா என்று எங்கள் தமிழ் மன்றச் செயலாளர் சிவகுரு அண்ணையிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நம் ஆட்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லலாமா? மாரித் வந்து தேத்தண்ணி குடித்து முடிக்க முதல் சிவகுரு அண்ணை பொன்னாடையோடு வந்து நின்றார். போர்த்தினார். படம் எடுத்தார். எங்கள் மக்களின் பிரச்சினையை உங்கள் சபையில் எழுப்ப வேண்டும் என்று ஜெர்மன் மொழியில் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

மாரித்துக்கு ஜெர்மன் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்தது. பொன்னாடையைத் தோளில் இருந்து எடுக்காமலே பதில் சொன்னார். எழுப்பலாம், ஆனால் எங்களுடைய பிரச்சினையை எழுப்பவே எங்களுக்கு நேரம் போதாது, எழுப்பினாலும் ஒஸ்லோவில் இருப்பவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். சிவகுரு அண்ணை விடவில்லை. தலையை ஆட்டினாலே எங்களுக்குப் போதும் என்றார்.

3

சாப்பாட்டு மேசையில்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். சிவகுரு அண்ணையும் சாப்பிட நின்றுவிட்டார்.

நம் ஆட்கள் ஒருவரோடு நெருங்கினால் என்ன கேட்போம் என்று உங்களுக்குத் தெரியும். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வீடு சொந்தமோ. கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று அர்த்தம். ஜெர்மன்காரரிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று தொழிற்சாலையில் சூடு பட்டுப் படித்திருக்கிறேன். ஆனால் மாரித் கையாலே குழைத்துச் சாப்பிட்டார். மீன் தலையை விரும்பி எடுத்தார். நம்முடைய ஆள் என்று மனம் இளகிவிட்டது. உங்களிடம் எத்தனை மான் இருக்கிறது என்று கேட்டேன்.

மாரித் கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டு, மரத்துக்கு இந்தப் பக்கமும் நிற்கிறது, அந்தப் பக்கமும் நிற்கிறது என்றார். என் ஜெர்மன்தான் பிசகிவிட்டது என்று நினைத்து, இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை என்று இன்னும் தெளிவாகக் கேட்டேன். மேசைக்குக் கீழே மகள் என் காலை மிதித்தாள்.

"அப்பா, அவையிட்டை அப்பிடிக் கேக்கக் கூடாது. வங்கியிலை எவ்வளவு காசு வைச்சிருக்கிறீங்கள் எண்டு கேக்கிற மாதிரி அது."

"அதைத்தானே நாங்கள் எல்லாரிட்டையும் கேக்கிறனாங்கள்" என்றாள் சந்திரா.

மாரித்துக்கு விளங்கப்படுத்தியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்னுடைய சங்கடத்தைப் போக்கத்தான், உங்களுடைய இடம் எது என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். யாழ்ப்பாணத்தில் எங்கே என்றார். டவுனுக்குக் கிட்ட என்றேன்.

சிவகுரு அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிட்ட எண்டா எவடம்? நானும் கனகாலமாக் கேட்டுக்கொண்டு வாறன், நீர் சொல்லுறீரில்லை."

சோடா எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். சோடா மேசையில்தான் இருந்தது.

ஊர் எது, ஊரில் எந்தக் குறிச்சி, கோயிலுக்கு எந்தப் பக்கம். இந்த மூன்று கேள்வியில் எதிரே நிற்பவனின் சாதியைக் கண்டுபிடித்துவிடுகிற கெட்டித்தனம் நம்மிடம் இருக்கிறது. நான் முதற் கேள்வியோடு நின்றுவிடப் பழகியவன். வந்த புதிதில் அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்தவரோடு ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டேன். அவருக்கு என் குறிச்சி தெரிந்த கிழமையில் இருந்து வயிற்றில் ஏதோ வருத்தம் வந்துவிட்டது. தனியாகச் சமைக்கத் தொடங்கினார். எல்லைகளை நாங்கள் களவாகக் கடந்து, பொலிசுக்கு ஒளித்து வந்தோம். இது மட்டும் விசாவே இல்லாமல் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு எவர் கேட்டாலும் டவுனுக்குக் கிட்டத்தான்.

சந்திராவும் அதே இடத்தவள்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். தர்சிகாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் வளர்த்ததுதான் நான் அவளுக்குச் செய்த பெரிய நன்மை என்று நினைத்திருந்தேன்.

4

அடுத்த நாள் நானே மாரித்தையும் மகளையும் காரில் அந்த ஊர்ச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் மாவட்ட எல்லைப் பலகை ஒன்று வரும். அந்த இடத்தில் என் கால் தன்பாட்டில் பிரேக்கில் போகும். டுல்டுங் என்கிற தற்காலிகக் கடதாசியோடு இருந்த காலத்தில் அனுமதி இல்லாமல் அந்தப் பலகையைத் தாண்ட ஏலாது. மச்சானின் கலியாணத்துக்குப் போவதற்கும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, மறுமொழிக்குக் காத்திருந்தேன். அது வந்து சேர்ந்தபோது மச்சானுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. இதை மாரித்துக்குச் சொன்னேன். எங்கள் மான்களுக்கும் இதே கதைதான், ஒவ்வொரு எல்லையிலும் ஒவ்வொரு சபையிடம் கேட்க வேண்டும், நல்லகாலம் மான்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றார்.

சபையில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். மாரித் மெதுவாக, சொற்களைத் தேடித் தேடிப் பேசினார். ஒருவர் கையை உயர்த்தி, நிறுவனம் தந்த வரைபடத்தில் அந்த மலைச்சரிவு வெறுமையாகத்தானே இருக்கிறது, யாரும் பாவிப்பதாக ஒரு குறிப்பும் இல்லையே என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. மாரித் அந்தப் படத்தைப் பார்த்தார். வெறுமையாக இருப்பது உண்மை, ஏனென்றால் எங்கள் ஆட்கள் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள். தை மாதத்தில் காற்றாலைக்குப் பணத்தையும் போட்டார்கள். கை தட்டியவர்கள்தான் போட்டார்கள். இதை எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் மாரித்தின் மடியில் பூங்கொத்து இருந்தது. பாதி வழியில் என்னைப் பார்த்துத் தன் மொழியில் சொன்னார், மகள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். மான் மலையின் எந்த மடிப்பில் குட்டி போடும் என்பதைத் தகப்பன் தன் பிள்ளைக்கு மட்டும்தான் சொல்வான். வெளியில் சொன்னால் பறிபோய்விடும் என்று பயம். அந்தப் பயம் பிழையும் இல்லை, சொன்ன இடங்கள் பறிபோயிருக்கின்றன. ஆனால் சொல்லாத இடங்களில் ஒருவரும் இல்லை என்று இப்போது எழுதிவிட்டார்கள்.

"நான் தேர்தலில் நின்றதே அவர்களைச் சொல்ல வைக்கத்தான்" என்றார் மாரித். "வீடு வீடாகப் போய், உங்கள் அப்பா சொல்லாதே என்று சொன்னதை எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது."

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதற் தடவை.

5

கார்த்திகை விளக்கீட்டுக்கு வீட்டுக்கு வந்த தர்சிகா, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தான் வேலையை விடப் போவதாகச் சொன்னாள். மாரித்தின் அலுவலகத்தில் வரைபடம் தயாரிக்கிற வேலை. வீடு வீடாகப் போய்க் கேட்டு, மேய்ச்சல் இடங்களைக் குறிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மட்டும்.

அதாவது பெஃப்ரிஸ்டெட். முடிவுத் திகதி உள்ளது.

கத்தினேன் என்பதை மறைக்கவில்லை. நகரசபை வேலையை யாராவது விடுவார்களா? வெயில் இல்லாத நாட்டுக்கு யாராவது போவார்களா? எங்களுக்கே ஒரு வடக்கு இருக்கிறது, அதற்கு நீ ஒரு தடவைதான் வந்தாய், அதுவும் நுளம்பு கடிக்கிறது என்று அழுதாய், இப்போது மற்றவர்களுடைய வடக்குக்கு ஓடுகிறாய் என்றேன். சந்திரா விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

தர்சிகா கோபம் வந்தால் ஜெர்மன் மொழியில் பேசுவாள். அன்று கடைசி வரை தமிழிலேயே பேசினாள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"அங்கை எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேக்கிறது, நீ ஆரின்ரை பிள்ளை, உன்ரை இடம் எது எண்டுதான், அப்பா. நான் என்ன சொல்ல? டவுனுக்குக் கிட்ட எண்டோ? நீங்கள் அண்டைக்குக் குசினிக்குள்ளை போனதை மாரித் பாத்தவ. உன்ரை அப்பாவிட்டையும் ஒரு மரம் நிக்குது எண்டு எனக்குச் சொன்னவ. நான் மற்ற ஆக்களிட்டைப் போய், உங்கடை இடத்தைச் சொல்லுங்கோ எண்டு கேக்கப் போறன். என்ரை இடம் எனக்கே தெரியாது."

பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்கிற அப்பா நான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்தேன். தொழிற்சாலையில் பிணைச்சல்களைத் தலைகீழாகப் பூட்டி மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினேன். சொன்னால் அந்தப் பாரம் அவள் தலையில் ஏறும். இங்கே கலியாணம் பேச வருகிறவர்களும் கேட்கத்தான் போகிறார்கள். சொல்லாவிட்டால் அந்த மலைச்சரிவு மாதிரி வெறுமையான ஒன்றைத்தான் அவளுக்குக் கொடுத்து அனுப்புவேன். இரண்டும் சரியாகப் பட்டது. இரண்டும் பிழையாகவும் பட்டது. சந்திராவிடம் கேட்டேன். "உங்கடை வாய்தானே, திறக்கிறதும் மூடுறதும் உங்கடை விருப்பம்" என்று சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டாள்.

6

பங்குனியில் அவள் புறப்பட்டாள். வேலையை விடுகிற கடிதம், தன் வாடகை வீட்டை விடுகிற கடிதம், இந்த ஊரில் இனி இல்லை என்று பதிவை எடுக்கிற அப்மெல்டுங். நாங்கள் பதிவு கிடைக்க நாயாய் அலைந்த அதே கந்தோரில், அவள் அரை மணித்தியாலத்தில் அதை எடுத்துவிட்டு வெளியே வந்து கோப்பி வாங்கிக் குடித்தாள்.

ரயில் வழக்கம்போலப் பிந்தியது. சந்திரா கட்டித் தந்த பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் என் கையில் இருந்த பையில். ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூவரசம்புலம்" என்றேன்.

"என்ன அப்பா?"

"எங்கடை இடம். கோயிலுக்குப் பின்பக்கம் போற ஒழுங்கை, வயலுக்கு இறங்கிற இடம். ஆரும் கேட்டாச் சொல்லு. அந்தக் கோயிலுக்குள்ளை எங்களை விடுறேல்லை. நாங்கள் குறைஞ்ச சாதி எண்டு. அதாலைதான் நான் சொல்லுறேல்லை."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானோ அப்பா?" என்றாள்.

ரயில் வந்துவிட்டது. பையை ஏற்றிக் கொடுத்தேன். கதவு மூடியது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த ஒரு சொல் என்னோடு கூடவே வந்தது. அவ்வளவுதானோ? நான் உயிர்போல் பொத்தி வைத்ததை அவள் ஒரு சொல்லில் எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். எனக்குப் பாரம் குறைந்ததா, ஏதோ களவு போனதா என்று தெரியவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இப்போது இதை எழுதிவிட்டேன். சிவகுரு அண்ணை எந்தத் தமிழ்ப் பத்திரிகையையும் விடாமல் வாசிக்கிறவர், இதையும் வாசிப்பார். வாசித்த பிறகு எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பாரா என்று பார்க்க வேண்டும்.

போன கிழமை தர்சிகா தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதாம். வரைபடத்தில் பாதிதான் முடிந்திருக்கிறதாம். பல வீடுகளில் கோப்பி தருகிறார்கள், கதை தருகிறார்கள், இடத்தை மட்டும் சொல்கிறார்களில்லை. ஒரு கிழவர், அவளை மூன்று தடவை வெறுங்கையோடு அனுப்பியவர், இந்த முறை அவளைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், உன்னுடைய இடம் எது என்று. அவள் சொல்லியிருக்கிறாள். மான் மேய்க்கிறவர் அல்லவா, அவர் அடுத்ததாகக் கேட்டது, அங்கே தண்ணீர் எப்படி என்று.

"எனக்குத் தெரியாது, அப்பாட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான். தண்ணி எப்பிடியப்பா?"

"நல்ல தண்ணிக் கிணறு ஒண்டு இருந்தது. அந்தப் பக்கத்திலை அப்பிடித் தண்ணி வேறை இல்லை."

"நீங்கள் அதிலை அள்ளுறனீங்களோ?"

"நாங்கள் அள்ளேலாது. குடத்தோடை தள்ளி நிக்கவேணும். ஆரும் வந்து அள்ளி ஊத்தினால் கொண்டு போறது."

மெல்லிய குரலில், அந்தக் கிழவருக்கு இதையும் சொல்லட்டோ என்று கேட்டாள்.

சொல்லு என்றேன்.